விழுந்து சிரிக்க வைப்பவருக்கு ஐம்பது வயதானால்: தனித்தொழிலா, மாதச் சம்பளமா?

சிங்கப்பூர்த் தமிழ் மேடையிலும் வசந்தம் ஒளிவழியிலும் தாங்களே விழுந்து புரண்டு சிரிக்க வைக்கும் நகைச்சுவை நடிகர்களுக்குத் தனித்தொழில் என்றால் தீபாவளி சமயத்தில் கைநிறைய வேலை, அப்புறம் போனே அடிக்காது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவது கட்டாயம். அந்தக் கணக்கு இருக்கும் மத்திய சேமநிதியின் (ஓய்வுக்காலத்துக்கான சேமிப்புத் திட்டம்) மற்றக் கணக்குகளில் போடுவது அவரவர் விருப்பம் (போடுகிறவர் யார்?).

சம்பள வேலையில், 55 வயது வரை முதலாளி சம்பளத்துக்கு மேல் அதில் 17 விழுக்காட்டைச் சேமநிதியில் சேர்க்கிறார். 65 வயதில் சேமநிதியிலிருந்து மாதத்தொகை வாங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிது முதுகெலும்பு. ஊழியர் வேலையில் விழுந்து அடிபட்டால் வேலையிடக் காயத்துக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. தனித்தொழிலர் தானே காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தக் காசுதான். சம்பள வேலை ஒத்திகை நேரத்தைத் தின்னும், சரி. வார இறுதி மேடை மிச்சமிருக்கிறதே.