மழை கண்ட வேலையைப் பார்த்துத்தான் ஆளை அமர்த்துகிறேன்: காட்பாடியில் ஒன்பது ஆண்டு அனுபவம்

காட்பாடி காந்தி நகரில் என் தந்தையார் 1989ஆம் ஆண்டு கட்டிய வீட்டில்தான் இன்றும் வசிக்கிறோம். 2016 முதல் மாடித்தளம், மின்கம்பி, குழாய் என்று இந்த வீட்டின் பழுதுகளுக்காகப் பதினொரு பேரை அமர்த்தியிருக்கிறேன். அவர்களில் மறுமுறை அழைத்தது மூவரை மட்டுமே. அந்த மூவரை எப்படிக் கண்டடைந்தேன் என்பதைப் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். 2017 சித்திரையில் மாடி ஒழுக்கை நிறுத்த ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தேன். மாடி எத்தனை சதுர அடி என்று தொலைபேசியிலேயே கேட்டு, மாடிக்கு ஏறிப் பார்க்காமலே விலை சொன்னார். தட்டோடுகளின் மேல் இரண்டு கை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்ட தாளையும் கொடுத்தார். கடைசி நாளே முழுத்தொகையையும் தந்துவிட்டேன். ஐப்பசி மழையில் பூஜை அறையின் மூலை மீண்டும் நனைந்தபோது அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. உத்தரவாதத் தாளில் முகவரியும் இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் எந்தப் பூச்சும் நன்றாகத்தான் தெரியும். ஒரு துளி தண்ணீர்கூடப் படாத வேலைக்கு நான் பணத்தைத் தீர்த்திருந்தேன்.

கசிவைத் தள்ளிப்போடவும் முடியாது. தளத்துக்குள் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டை வெடிக்கச் செய்து பெயர்த்துத் தள்ளும்.

அடுத்த ஆண்டு, நான் சிமெண்ட் வாங்கும் ஹார்டுவேர் கடைக்காரரிடம் விசாரித்தேன். நல்ல மேஸ்திரி யார் என்று பொதுவாகக் கேட்டால், தமக்கு வியாபாரம் தருபவரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆகவே, வேலை முடிந்த பிறகு மீந்த மூட்டைகளை வீட்டுக்காரர் கணக்கில் திருப்பிக் கொண்டுவருபவர் யார் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, சத்துவாச்சாரியிலிருந்து ஒருவரை அனுப்பினார்.

வந்த மேஸ்திரி விலையைப் பற்றிப் பேசவே இல்லை. மாடியில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். சுத்தியலின் மரப்பிடியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வெற்றோசை வந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பும், மழைநீர்க் குழாயின் வாயருகே ஓட்டமில்லாத பள்ளமும்தான் காரணம் என்று காட்டினார். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே எதை அடித்தாலும் நிற்காது என்றார்.

இரண்டு மழைக்காலமாவது கடந்த அவருடைய வேலைகளைப் பார்க்க விரும்பினேன். அவர் காட்டிய மூன்று வீடுகளுக்கும் அவர் உடன் இல்லாமல் தனியாகவே சென்றேன். விருதம்பட்டில் ஓர் அம்மா, "வேலையில குறையே இல்ல தம்பி, ஆனா சொன்ன நாளுக்கு வர மாட்டாரு" என்றார். அந்தக் குறையைக் கேட்டபின் எனக்கு நம்பிக்கை கூடியது; ஏனெனில், குறையை மறைக்காதவர் சொல்லும் பாராட்டை ஏற்கலாம்.

வேலையைத் தனித்தனி இனமாக, அளவும் கூலியும் பொருளும் பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். முன்பணம் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு வேலை ஏற ஏறப் பணம். இறுதிப் பத்தில் ஒரு பங்கு கார்த்திகை மழைக்குப் பிறகு என்றபோது அவர் தயங்கவில்லை. வேலை முடிந்து கலவை நன்கு இறுகிய பின், குழாய் வாய்களை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கீழே கூரையைக் கவனித்தோம். ஓரிடத்தில் ஈரம் தெரிந்தது. அதை மறுநாளே பிரித்துச் செய்தார். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்த மழையிலும் பூஜை அறை உலர்ந்தே இருந்தது.

மின்வேலைக்கு மட்டும் பழைய வேலையைப் பார்த்தால் போதாது. தவறு சுவருக்குள் மறைந்துவிடும். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே ஒருவரை அமர்த்தினேன். பணம் அனைத்தையும் வங்கி வழியாகவே தருகிறேன், ரசீதும் வாங்குகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால், 2017இல் ரொக்கமாகக் கொடுத்த எனக்கு அங்கே காட்ட எதுவும் இருக்கவில்லை.

கடந்த புரட்டாசியில் கைப்பிடிச் சுவரின் அடியில் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று தெரிந்ததும் அதே மேஸ்திரியை அழைத்தேன். சொன்ன நாளுக்கு மூன்று நாள் கழித்து வந்தார்; இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் சட்டியையும் கரணையையும் எடுத்தார்.