ஹயலூரோனிக் அமில கேப்ஸ்யூல்: மூன்று டப்பா தீர்ந்த பிறகு

முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும் அளவுக்கு எனக்கு வறண்ட தோல். மார்கழிப் பனியில் அது வெடிக்கத் தொடங்கியதும், டப்பா 899 ரூபாய்க்கு இணையத்தில் விற்ற ஹயலூரோனிக் அமில கேப்ஸ்யூலை வாங்கி, மூன்று மாதம் ஒருநாளும் தவறாமல் விழுங்கினேன்.

1934-இல் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் பாகிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருள், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கிறது. முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது நுண்ணுயிரிகளைக் கொண்டும் தயாரிக்கிறார்கள். டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்ததால் சைவம்தானா என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது அளவு விஷயத்தில்தான். முன்பக்கத்தில் ‘100 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அது இரண்டு கேப்ஸ்யூலுக்கான கணக்கு என்பதைப் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு மாதம் வரும் என்று நான் நினைத்த 60 கேப்ஸ்யூல் ஒரே மாதத்தில் தீர்ந்தது. ஜப்பானில் 60 பேரை மூன்று பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 120 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்து, கண்ணோரச் சுருக்கம் குறைந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் பலர் இந்த அமிலத்தைத் தயாரித்து விற்கும் கியூப்பி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் (மயோனைஸுக்குப் பேர்போன அதே கியூப்பிதான்) என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும் என்றாலும், கொடுத்த அமிலத்தின் மூலக்கூறு எடையையாவது அவர்கள் சொன்னார்கள். என் டப்பாவில் அதுவும் இல்லை.

பலன் இல்லாமல் இல்லை. இரண்டாம் மாதக் கடைசியில் புறங்கையின் சொரசொரப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதற்குள் பனியும் விலகியிருந்ததால், புகழ் கேப்ஸ்யூலுக்கா மாசி வெயிலுக்கா என்று சொல்லத் தெரியவில்லை. சந்தேகம் தீர, மூன்றாம் மாதத்தில் இரண்டு வாரம், குளித்த ஈரம் காயுமுன் இடது காலில் மட்டும் சாதாரண கிளிசரின் கிரீமைத் தடவினேன். இடது காலில் கோடு விழவில்லை. கேப்ஸ்யூலை மட்டும் நம்பியிருந்த வலது காலில், முன்னைவிட மங்கலாக என்றாலும், விழத்தான் செய்தது.

வயிற்றுக் கோளாறு எதுவும் வரவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 ரூபாய் என்று கணக்குப் பார்த்தபின் நான்காவது டப்பா வாங்கவில்லை. கிரீம் இப்போது இரண்டு காலுக்கும்.