வயரைச் செருகினால் கோல் நேரத்துக்கு விழும்

இந்த ஹெட்போனை நான் வாங்கியது பாட்டு கேட்பதற்காக அல்ல, வீட்டுச் சமாதானத்துக்காக. நள்ளிரவு தாண்டிய கால்பந்து ஆட்டம் ஒன்றில் கடைசி நிமிடத்தில் கோல் விழ, நான் போட்ட கத்தலில் மகள் தூக்கத்திலிருந்து அலறி எழுந்துவிட்டாள். “இனிமேல் ராத்திரி ஆட்டம் என்றால் ஹெட்போன், இல்லாவிட்டால் காலையில் ஹைலைட்ஸ்” என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். முடிவு தெரிந்த பிறகு ஹைலைட்ஸ் பார்ப்பதற்கு ஒரு ரசிகன் எதற்கு? மறுநாளே வாங்கிவிட்டேன். காதை முழுக்க மூடும் வகை. புளூடூத் உண்டு, வெளிச் சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷனும் உண்டு. ஐந்து மாதமாகத் தலையில் இருக்கிறது. குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம். பாதிக் குறை இந்த ரகப் பொருள் எதற்குமே பொருந்தும்.

வந்த வேலை நடந்ததா என்றால், இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் கத்துவது எனக்கே கேட்பதில்லை. அதனால் இன்னும் பலமாகக் கத்துகிறேன். டிவி சத்தம் இல்லாத இருட்டில் திடீரென்று ஒரு மனிதக் குரல் மட்டும் கேட்பது பழையதைவிட மோசம் என்கிறாள் மனைவி. இதை ஹெட்போனின் குறையாகச் சொல்ல முடியாது, சரி.

அதன் உண்மையான குறை முதல் வாரமே ஒரு பெனால்டியில் மாட்டிக்கொண்டது. ஆட்டக்காரர் ஓடி வருகிறார், உதைக்கிறார், பந்து கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் காதில் ‘டப்’. புளூடூத்தின் வேலைமுறையே அப்படி. டிவி ஒலியைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பி, ஹெட்போன் அதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, விரித்து, பிறகுதான் ஒலிக்க வேண்டும். இதில் 0.2 விநாடி சர்வசாதாரணமாகப் போய்விடும். பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தூரத்தை 0.4 விநாடியில் கடந்துவிடும். அதாவது பந்து பாதி வழி போன பிறகுதான் கால் பட்ட சத்தம் எனக்கு வருகிறது. போனில் வீடியோ பார்க்கும்போது இந்தத் தொந்தரவு அவ்வளவாகத் தெரியவில்லை. பல ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடுகின்றன. டிவிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. செட்டிங்கில் ‘ஆடியோ டிலே’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து ஆசையாகத் திறந்தேன். அது ஒலியை இன்னும் பின்னால் தள்ளும், முன்னால் இழுக்காது.

நண்பனிடம் புலம்பினால் அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒலி விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும்; மைதானத்தில் 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உனக்கு அங்கேயும் 0.2 விநாடி தாமதம்தானே என்றான். கணக்கு சரிதான். ஆனால் அங்கே ஆட்டக்காரர் கட்டைவிரல் அளவு தெரிகிறார். டிவியில் அவருடைய முகத்து வியர்வையே தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் நிற்கிற ஆளின் உதை ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது என்று மூளை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மருந்து பெட்டிக்குள்ளேயே இருந்தது. அட்டைக்கு அடியில், கண்டுகொள்ள வேண்டாம் என்பது போல ஒரு 3.5 மில்லிமீட்டர் வயர். டிவியின் ஹெட்போன் ஜாக்கில் ஒரு முனை, ஹெட்போனில் மறுமுனை. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பதிவைப் போட்டு பெனால்டிகளை இரண்டு விதமாகவும் பார்த்தேன். அர்ஜென்டினாவின் திபாலா நடுவில் அடிக்கிறார், பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் ஒரு பக்கம் பாய்கிறார். புளூடூத்தில் கோல்கீப்பர் சத்தத்துக்கு முன்பே பாய்வது போல இருந்தது. வயரில் உதையும் ஓசையும் ஒரே கணம். அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மொந்தியேலின் கடைசி உதையை மட்டும் நாலு தடவை ஓட்டினேன், சோதனைக்காக என்று சொல்லிக்கொண்டு. இத்தனை தொழில்நுட்பம் திணித்த பெட்டியில் கால்பந்து ரசிகனுக்கு உதவும் பாகம் எது என்று கேட்டால் அந்த வயரைத்தான் சொல்வேன்.

நாய்ஸ் கேன்சலேஷன் நன்றாகவே இருக்கிறது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், பஸ் எஞ்சின் மாதிரி தாழ்ந்து, விடாமல் ஒலிக்கும் சத்தங்களைத் துடைத்து எடுத்துவிடுகிறது. பேச்சு, குக்கர் விசில், கதவு அறையும் சத்தம் எல்லாம் குறைந்தாலும் உள்ளே வரத்தான் செய்யும். அதன் மைக் வெளிச் சத்தத்தைக் கேட்டு, எதிர் அலையை உண்டாக்கித்தான் அடக்குகிறது. சட்டென்று வந்து போகும் சத்தத்தோடு அதனால் ஓட முடியாது. இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாமல் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. 2010 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றின் பதிவைப் போட்டு, அந்த வுவுசெலா (ரசிகர்கள் ஊதும் நீளமான பிளாஸ்டிக் குழல்) ரீங்காரம் ஏறத்தாழ 235 ஹெர்ட்ஸில் விடாமல் ஒலிப்பதுதானே, இது அதையும் அடக்கிவிடும் என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அறையில் இருக்கிற சத்தத்தைத்தான் அது அடக்கும், பதிவுக்குள் இருக்கிற குளவிக்கூட்டத்தை அல்ல. ஃபேன் சத்தம் போய், வுவுசெலா முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

ராக் இசைக்கு வருவோம். ஹெட்போன் எதையும் நான் ஒரே பாட்டால்தான் எடைபோடுவேன்: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இருவர் இசைக்குழுவின் ‘செவன் நேஷன் ஆர்மி’. கால்பந்து பார்க்கிறவர்களுக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) தெரியாமல் இருக்காது, கூட்டம் ‘ஓ... ஓ-ஓ-ஓ-ஓ’ என்று பாடுகிறதே, அதுதான். பாட்டு வந்தது 2003இல். அதே ஆண்டு மிலானுக்குப் போன பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் அணி ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அன்று அவர்கள் அணி 1–0 என ஜெயிக்கவும் செய்தது. 2006இல் இத்தாலி உலகக் கோப்பை வாங்கியபோது அந்த நாடே பாடியது. அந்த அடி ஒலி பேஸ் கிட்டார் அல்ல. குழுவின் ஜாக் ஒயிட் சாதாரண கிட்டாரை ஒலியை மாற்றும் ஒரு பெடல் வழியாக ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே இறக்கி வாசித்தது. நல்ல ஹெட்போனில் அந்தத் தாழ்ந்த ஒலிக்குள் கிட்டாருடைய சொரசொரப்பு கேட்க வேண்டும். வாங்கியபடியே போட்டுப் பார்த்தபோது இதில் கேட்கவில்லை. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வீங்கி, டிரம் வாசிக்கும் மெக் ஒயிட்டின் கிக் டிரம்மையும் சேர்த்து விழுங்கியது. ஆப்பில், தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து 60, 120 ஹெர்ட்ஸ் பகுதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். சட்டென்று டிரம் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றன. அந்த ஒரு மாற்றத்துக்கு அப்புறம் இது வேறு ஹெட்போன்.

எல்லாப் பதிவையும் இதனால் காப்பாற்ற முடியாது. மெட்டாலிகா இசைக்குழுவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னெட்டிக்’, மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் வித்தியாசமே தெரியாதபடி நசுக்கி ஏற்றிய சத்தம். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் இன்னும் நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே அன்று சண்டை போட்டார்கள். எதில் கேட்டாலும் காது களைத்துவிடுகிறது.

டச் கண்ட்ரோலை மன்னிக்க முடியவில்லை. வலது காது மூடியைத் தொட்டால் ஒலி நிற்கும். ஒரு கார்னர் நேரத்தில் காதோரம் அரித்தது, சொறிந்தேன், எல்லாம் அமைதி. சத்தமே இல்லாமல் ஒரு கோல் விழுந்தது, ஏதோ மீன்தொட்டியைப் பார்ப்பது போல. இப்போது அந்தத் தொடு வசதியை ஆப்பில் அணைத்துவிட்டேன். கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும் முன் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியின் கால் பஞ்சுக்கு அடியில் சின்ன இடைவெளி விட்டால்கூட பேஸ் கசிந்துவிடும், முதல் பாதி முடிவதற்குள் காது மேலே வலிக்கவும் செய்யும். பேட்டரி வாரத்துக்கு ஒரு சார்ஜில் ஓடுகிறது, குறையில்லை. போன் பேசும்போது மட்டும் நான் பாத்திரம் கழுவுவது எதிர்முனைக்கு என் குரலைவிட நன்றாகக் கேட்கிறதாம்.

சத்தத்தை ஏற்றுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். எக்ஸ்ட்ரா டைம் போகிற ஆட்டம் ஒன்று, அப்புறம் ஆல்பம் இரண்டு, கணக்கு முடிந்தது. சுற்றுச் சத்தம் அடங்கிவிடுவதால் முன்பு வைத்ததைவிட நாலைந்து படி குறைத்தே வைக்கிறேன். என் காதுக்கு இந்த ஹெட்போன் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

வாங்கலாமா என்றால் பாட்டுக்கு வாங்கலாம், ஈக்வலைசரில் அரை மணி நேரம் உட்காரப் பொறுமை இருந்தால். ஆட்டத்துக்கென்றால் ஜாக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஹெட்போனிலும் டிவியிலும். இரண்டிலும் வரவர அது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டியில் வந்த வயர் ஒரு மீட்டர் சொச்சம்தான். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்தேன் சில நாள். இப்போது மூன்று மீட்டர் நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி சோபா வரைக்கும் இழுத்திருக்கிறேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வருகிற மகள் இரண்டு முறை அதில் தடுக்கிவிட்டாள். அதனால் உடன்படிக்கையில் புது ஷரத்து ஒன்று சேர்ந்திருக்கிறது: கடைசி விசில் ஊதியதும் வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் நான் படுக்க வேண்டும், எந்த அணி தோற்றிருந்தாலும்.