நூப் என்று ஏசுறவனை எந்த கேம் அடக்குது? டோட்டா 2, வலோரன்ட், ஃப்ரீ ஃபயர்

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று எந்தப் பக்கம் போனாலும் இரவு 10 மணிக்குப் பிறகு பொடியன்மாரின் அறையிலிருந்து வரும் சத்தம் ஒன்றுதான்: "டேய் நூப், பின்னுக்கு நில்லுடா!" விளையாடத் தெரியாதவனுக்கு ஏச்சு விழாத கேம் கிடையாது. ஆனால் அந்த ஏச்சைத் தடுக்கத் தந்திருக்கும் வசதிகள் மூன்றிலும் ஒரே தரமில்லை. கிராஃபிக்ஸை விட்டுவிட்டு அதை மட்டும் பார்ப்போம்.

பெயர் கெட்டது டோட்டா 2. காரணம் கேமின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருவன் சாகும்போதெல்லாம் எதிரிக்குக் காசும் அனுபவமும் ஏறுகிறது. அதாவது தெரியாதவன் தான் தோற்பதோடு நிற்பதில்லை, எதிரியையும் கொழுக்க வைக்கிறான். மேட்ச் 40 நிமிடம் இழுக்கும், இடையில் எழும்பிப் போகவும் ஏலாது. மறுகா கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் காவலும் இங்கேதான் பலம். ஆட்டக்காரனின் தரத்தை ஏற்றி இறக்கும் ரேங்க் மேட்ச் ஆட முதலில் 100 மணித்தியாலம் சாதாரண மேட்ச் ஆடியிருக்க வேண்டும். 2021இல் வந்த புதியவர் பயன்முறையில் இடையில் வெளியேறினாலும் தண்டனை இல்லை. ஆட்டத்தில் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒரு புள்ளி, பேச்சுக்கு ஒரு புள்ளி என்று 2023இல் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டும் 12,000 வரை. மேட்சைக் கைவிட்டுப் போகிறவன் லோ ப்ரயாரிட்டி என்ற தண்டனை வரிசைக்குப் போவான். அங்கே கேம் தரும் சில ஹீரோக்களில் ஒன்றை எடுத்து ஆடும் சிங்கிள் டிராஃப்டில் வென்றால்தான் விடுதலை, தோற்ற மேட்ச் கணக்கில் வராது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது: கறண்ட். இணைப்பு அறுந்து மொத்தம் 5 நிமிடம் தாண்டினால் கேம் அதைக் கைவிட்டதாகவே எழுதும். மாரி காலத்தில் கறண்ட் போய்ப் போய் வரும்போது நல்ல பிள்ளையும் லோ ப்ரயாரிட்டியில் கிடப்பான். லேப்டாப்பில் பேட்டரி இருந்தால் போதாது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்தால் கதை முடிந்தது. அந்த இரண்டுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். வோல்ட் அளவு அடப்டரில் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஸ்மர்ஃப் விடயத்திலும் டோட்டா விட்டுக்கொடுக்கவில்லை. கெட்டிக்காரன் புது அக்கவுண்டில் இறங்கிப் புதியவர்களை மிதிப்பதைத்தான் ஸ்மர்ஃப் என்கிறோம். 2023 செப்டெம்பரில் டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் அப்படியான 90,000 அக்கவுண்டுகளை நிரந்தரமாகத் தடை செய்தது. இனிமேல் பிடிபட்டால் அசல் அக்கவுண்டுக்கும் தண்டனை வரலாம் என்றது. நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ்: தம்பியின் அக்கவுண்டில் அண்ணன் ஆடி ரேங்கை ஏற்றிவிடுவார், பிறகு தம்பி அந்த ரேங்கில் தனியே மாட்டுவான். ஏச்சு முழுக்கத் தம்பிக்கு.

வலோரன்ட்டில் ரேங்க் ஆட லெவல் 20 வேண்டும். அதன் நல்ல விதி பலருக்குத் தெரியாது: ரேங்க் மேட்சில் 4 பேர் சேர்ந்து வர முடியாது. நாலு கூட்டாளிகளோடு தனியே மாட்டும் ஐந்தாமவன் படும் பாட்டைப் பார்த்துத்தான் 2021இல் அதை நிறுத்தினார்கள். சாதாரண மேட்சில் அந்தத் தடை இல்லை, புதியவன் தனியே போவதோ அங்கேதான். ஆகவே ஸ்விஃப்ட்ப்ளே என்ற குறுகிய மேட்சில் தொடங்குங்கள். 5 ரவுண்ட் எடுத்தால் வெற்றி. சகிக்காத டீம் வந்தாலும் கால் மணித்தியாலத்தில் தப்பலாம்.

மும்பை சர்வரில் ஹிந்திதான் ஓடும். தமிழ்நாட்டுத் தம்பிமார் அகப்பட்டால் நம் பேச்சைக் கேட்டுவிட்டு "ப்ரோ மலையாளமா?" என்பார்கள், அது பகிடி, போகட்டும். பெண் குரல் கேட்டால் வருவது பகிடி இல்லை. மேட்ச் தொடங்கியதும் எஸ்கேப் அழுத்தி, மேட்ச் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே குரலையும் எழுத்தையும் தனித்தனியே அடைக்கலாம். ஏச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியலும் செட்டிங்ஸில் உண்டு. ஆனால் தமிழ்த் தூஷணத்தை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். ஒரே சொல்லை மூன்று நான்கு விதமாக எழுதிப் போட்டால்தான் பட்டியல் வேலை செய்யும்.

ஃப்ரீ ஃபயரில் ஸ்பீக்கரையும் மைக்கையும் நிறுத்தலாம், நடத்தைக்குப் புள்ளி போடும் ஹானர் ஸ்கோர் உண்டு. அவ்வளவுதான். விழுந்து கிடக்கிறவனைத் தூக்காமல் வேடிக்கை பார்க்கிறவனுக்கு எந்தப் பட்டனும் இல்லை. தெரிந்த மூன்று பேரோடு மட்டும் ஸ்குவாட் போடுங்கள்.

ரிப்போர்ட் அடிக்கும்போது சரியான வகையைத் தெரிவு செய்யுங்கள். பதிலுக்கு நீங்களும் ஏசியிருந்தால் அவனும் உங்களை ரிப்போர்ட் அடிப்பான்; எழுத்து இரண்டு பேருடையதும் சர்வரில் கிடக்கும்.