600 கிலோ லோடரில் 750 கிலோ உரப் பை: எந்த வழி தாங்கும், எது வண்டியை உடைக்கும்?

மலேசியாவில் சுங்கை பாக்காப், நிபோங் தெபால் பக்கம் சின்னச் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உரம் 50 கிலோ மூட்டையாக வந்தவரை தொல்லையில்லை. ஜம்போ பையில் வரத் தொடங்கினால்தான் கேள்வி எழுகிறது. 45–50 குதிரைத்திறன் டிராக்டர், முன் லோடர் பக்கெட்டில் 600 கிலோ தூக்கும். பையோ 750 கிலோ. லோடரின் பலத்தைக் கூட்ட முடியுமா?

முடியும். ஆனால் பட்டறையில் முதலில் சொல்லப்படும் வழிதான் இருப்பதிலேயே மோசமானது.

எதில் கை வைப்பதற்கும் முன்னால், வண்டி எங்கே தோற்கிறது என்று பாருங்கள். சமதளத்தில் பாரத்தை மெதுவாகத் தூக்குங்கள். லோடர் கை பாதியில் நின்று, வால்வு சீறுகிறது, பின் டயர் மண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்றால் ஹைட்ராலிக் பலம் போதவில்லை. கை தூக்குகிறது, ஆனால் பின் டயர் லேசாகி வண்டி மூக்கைக் குத்துகிறது என்றால் எடைச் சமநிலை போதவில்லை. இரண்டாவது நிலையில் ஹைட்ராலிக்குக்குச் செலவு செய்தால் வண்டி இன்னும் சீக்கிரம் கவிழும், அவ்வளவுதான்.

வழிகளை ஒரே தராசில் வைக்க ஒரு மாதிரிக் கணக்கு. லோடரும் பக்கெட்டும் பூட்டிய வெறும் வண்டி 2,000 கிலோ: முன் அச்சில் 800, பின் அச்சில் 1,200. இரண்டு அச்சுக்கும் இடையே 2 மீட்டர். பக்கெட்டில் இருக்கும் பாரத்தின் மையம் முன் அச்சுக்கு 1.6 மீட்டர் முன்னால். 600 கிலோ தூக்கினால் முன் அச்சில் ஏறுவது 600 மட்டுமல்ல. நெம்புகோல் கணக்கில் பின்னாலிருந்து 480 கிலோவும் முன்னுக்கு வந்துவிடும். முன் அச்சு 1,880, பின் அச்சு 720. மொத்த எடையில் குறைந்தது 20 விழுக்காடு பின் அச்சில் இருக்க வேண்டும் என்பது லோடர் வேலைக்கான பொது விதி. இங்கே 28 விழுக்காடு, பரவாயில்லை.

உங்கள் வண்டியின் எண்ணைக் கண்டுபிடிக்கச் செம்பனைக் குலை நிறுக்கும் எடைமேடை போதும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை. மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், பிரேக்கை விட்டு நிறுக்க வேண்டும்.

ரிலீஃப் வால்வைத் திருகுவது

எண்ணெய் அழுத்தத்துக்கு உச்ச வரம்பு போடும் வால்வு இது. இதைத் திருகுவது வேகமானது, மலிவானது, அதனால்தான் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். 150 பாரில் இருக்கும் அழுத்தத்தை 165 ஆக்கினால் சிலிண்டரின் விசை 10 விழுக்காடு கூடும். கையும் பக்கெட்டும் கனம் கூடாததால் அந்தக் கூடுதல் முழுதும் பாரத்துக்கே போகும். 600 கிலோ ஏறக்குறைய 680 ஆகும். கிடைப்பது 80 கிலோ. அதற்கு பம்ப், சீல், ஹோஸ், வெல்டிங் எல்லாம் ஒவ்வொரு முறையும் கூடுதலாக வாங்கிக்கட்டிக்கொள்ளும். அரை அங்குல ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸின் வேலை அழுத்தமே ஐரோப்பியத் தரப்படி 160 பார்தான். இரட்டைப் பின்னல் என்றால் 275. உங்கள் லோடரில் எது ஓடுகிறது என்று ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஆனால் அழுத்தத்தை அளப்பது வேறு விஷயம்; அதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய லோடர்கள் பல, கம்பெனி கொடுத்த அழுத்தத்தையே எட்டுவதில்லை. 0–250 பார் அளக்கும் கேஜை, கையைத் தூக்கும் சிலிண்டரின் ஹோஸில் ஒரு டீ இணைப்பு வைத்துப் பூட்டுங்கள். எண்ணெய் சூடாகும்வரை வண்டியை ஓட்டி, கையேடு சொல்லும் எஞ்சின் சுற்றுக்கு ஏற்றி, கையை மேல் எல்லைவரை தூக்கி மூன்று நான்கு விநாடி மட்டும் பிடித்து எண்ணைப் பாருங்கள். கையேட்டில் 150 என்றிருந்து கேஜ் 125 காட்டினால் அடைபட்ட உறிஞ்சு வடிகட்டி, தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த பம்ப் ஆகியவற்றில் ஒன்று. அதைச் சரிசெய்து 150க்குக் கொண்டுவருவது திருகுவதாகாது. வண்டிக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பது.

கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைத் துளையில் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்புக்கடி போலத்தான் தெரியும். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரலோ கையோ போய்விடும். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள்.

பெரிய சிலிண்டர்

40 மி.மீ. உள்விட்டத்தில் 150 பார் கொடுக்கும் விசை சிலிண்டருக்கு ஏறக்குறைய 1,920 கிலோ. 50 மி.மீ. என்றால் 3,000. ஒன்றரை மடங்குக்கும் மேல்! காகிதத்தில் கண்ணைப் பறிக்கும் எண். அதே பம்ப் என்பதால் 4 விநாடியில் ஏறிய கை ஆறே கால் விநாடி எடுக்கும். அது பெரிய குறையில்லை.

பெரிய குறை மற்ற இடங்களில் இருக்கிறது. பக்கெட்டை மடக்கும் சிலிண்டர் பழையதாகவே இருக்கும். பாரம் ஏறும்போது அது தாங்காமல் பக்கெட் தானாகக் கவிழத் தொடங்கும். சிலிண்டரின் பின் (மாட்டும் இரும்பு முளை), கையின் முழங்கை வளைவில் உள்ள வெல்டிங், லோடர் சட்டத்தை கிளட்ச் கூட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் பழைய விசைக்குக் கணக்கிட்டவை. அந்தக் கூடு வார்ப்பிரும்பு. வளையாது, வெடிக்கும், வெடித்தால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

நம் கணக்கில் இந்தச் சிலிண்டர் பக்கெட்டில் 1,050 கிலோவுக்கு மேல் தூக்கும். அப்போது முன் அச்சில் 2,690, பின்னால் 360 மட்டும். 20 விழுக்காடு விதிப்படி பின்னால் 610 வேண்டும். முன் டயரின் பக்கத்தில் பாரக் குறியீடு 112 என்றிருந்தால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, இரண்டுக்கும் 2,240. டயரும் போதாது, பின் பிடிப்பும் போதாது. லோடர் செய்த கம்பெனியே அதே மாடலுக்கு பெரிய சிலிண்டர் தொகுதி விற்று, உங்கள் டிராக்டரை அதன் பட்டியலில் சேர்த்திருந்தால் ஒழிய இந்தப் பக்கம் போக வேண்டாம்.

பாரத்தைக் கிட்டக் கொண்டுவருவது

எங்கள் தேர்வு இதுதான். லோடர் கையேட்டில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும்: பக்கெட் பின்னில் எவ்வளவு, அதற்கு 500 அல்லது 800 மி.மீ. முன்னால் எவ்வளவு. முதல் எண் எப்போதும் பெரிது. அந்த வித்தியாசத்தைத்தான் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

பக்கெட் 180 கிலோ. அதைக் கழற்றிவிட்டு, 60 கிலோ கொக்கிச் சட்டம் ஒன்றைப் பூட்டி, பையைப் பக்கெட் பின்னிலிருந்து 20 செ.மீ. முன்னால் தொங்கவிடுகிறோம் என்று வையுங்கள். பக்கெட்டில் அதன் மையம் 50 செ.மீ. முன்னால் இருந்தது. கையின் சுழல்முனையிலிருந்து பக்கெட் பின்வரை 1.8 மீட்டர் என்றால், அதே எண்ணெய், அதே அழுத்தம், அதே சிலிண்டர் இப்போது 830 கிலோ தூக்கும். வால்வைத் தொடவே இல்லை.

முன் அச்சைப் பாருங்கள். கொக்கியில் 830 தூக்கும்போது அதில் 1,950 கிலோ. வால்வைத் திருகிப் பக்கெட்டில் 680 தூக்கினாலே 2,020. கூடுதல் பாரம், குறைந்த வதை. கையேடு பக்கெட் பின்னுக்குக் கொடுத்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இதையே கெடுக்கும் வழிகளும் உண்டு. நீளமான ஃபோர்க்கின் நுனியில் பையை மாட்டினால் கிடைத்ததெல்லாம் போய்விடும். விரைவு இணைப்பான் பூட்டினால் பாரம் முன்னால் தள்ளிப்போகும், அதன் கனமும் சேரும். பக்கெட் உதட்டில் சங்கிலி சுற்றித் தூக்குவது அறவே வேண்டாம். வழுக்கும், உதடும் வளையும். தொங்கும் பை ஆடும் என்பதால் நடக்கும் வேகம் போதும், தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். "தம்பி, பையைக் கொஞ்சம் புடிச்சுக்கோ" என்று ஆளைக் கூட நடக்கவிடும் பழக்கம் இங்கே நிறைய. பை ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டி, தள்ளி நின்று பிடிக்கச் சொல்லுங்கள்.

பின்னால் எதிர்ப்பாரம்

இது தூக்கும் பலத்தை ஒரு கிலோகூடக் கூட்டாது. ஆனால் மேலே சொன்ன வழியோடு இது சேர்ந்தே ஆக வேண்டும்.

500 கிலோவைப் பின் சக்கரத்திலேயே வைத்தால், இரும்பு வட்டோ தண்ணீரோ, பின் அச்சில் 500 கூடும். முன் அச்சின் சுமை குறையாது. அதே 500 கிலோவைப் பின்பக்க மும்முனை இணைப்பில், அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் பின் அச்சில் 800 கூடும், முன் அச்சில் 300 குறையும். 1,950 இப்போது 1,650. முன் சக்கர சீல், கிங் பின், கியர் எல்லாவற்றுக்கும் இது ஆயுள்.

செய்வதும் எளிது. 200 லிட்டர் டிரம்மில் கான்கிரீட் நிரப்பினால் 480 கிலோ. மும்முனை இணைப்பு முதல் வகை என்றால் கீழ்ப்பக்கத்துக்கு 22 மி.மீ. பின், இரண்டாம் வகை என்றால் 28. கான்கிரீட் ஊற்றும் முன்பே உள்ளே கம்பி கட்டி, பின்னை அதனோடு வெல்டு செய்துவிட வேண்டும். வெறும் கான்கிரீட்டில் புதைத்த பின் ஆறு மாதத்தில் ஆடும். லோடர் வேலை முடிந்தால் கழற்றி வையுங்கள். முன்னால் பாரமில்லாமல் இதோடு மேடு ஏறினால் ஸ்டீயரிங் பிடிக்காது.

டயரில் தண்ணீர் விடுவது இரண்டாம்பட்சம்தான், ஆனாலும் நல்லது; மையம் தாழ்வதால் பக்கவாட்டுச் சரிவில் உதவும். 13.6-28 அளவு டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஏறக்குறைய 200 லிட்டர். நம் ஊரில் உறையும் பயமில்லை, சாதாத் தண்ணீர் போதும். ட்யூப் இல்லாத டயரில் ரிம் துருப்பிடிக்கும். முன் டயரில் தண்ணீர் விடாதீர்கள்.

இன்னொன்று. இந்த அளவு டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். முன்னால் பாரத்தோடு சரிவில் இறங்கினால் பின் சக்கரம் லேசாகிப் பிரேக் சறுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். அப்போதுதான் முன் சக்கரமும் பிடிக்கும்.

பின் லிஃப்டில் ஃபோர்க்

இந்த அளவு வண்டிகள் பலவற்றில் பின் லிஃப்ட் 1,000 கிலோவைத் தாண்டும். கிடங்கிலிருந்து வயல் முனைவரை தரைமட்டத்தில் கொண்டுபோக இதைவிட நல்ல வழி இல்லை. லோரித் தட்டிலிருந்து இறக்க மட்டும் உதவாது, அவ்வளவு உயரம் ஏறாது. முன் அச்சில் மொத்த எடையின் 20 விழுக்காடு இருக்கிறதா என்று இங்கேயும் பார்க்க வேண்டும்; லோடரைக் கழற்றாமல் விட்டால் அதுவே முன் எடையாகும்.

ஆக, 750 கிலோ பைக்கு: அழுத்தத்தை அளந்து உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள், கொக்கிச் சட்டம் பூட்டுங்கள், பின்னால் 480 கிலோ டிரம் மாட்டுங்கள். முதல் தடவை 10 செ.மீ. மட்டும் தூக்கி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கை இறங்குகிறதா, முன் டயர் பக்கவாட்டில் பிதுங்குகிறதா என்று தள்ளி நின்றே பாருங்கள். பையை இறக்கிய பிறகு போல்ட் வரிசையில் புது எண்ணெய்க் கசிவோ பெயின்ட் விரிசலோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

1 டன் பைக்கு இந்த வண்டி இல்லை. கொக்கிச் சட்டமும் டிரம்மும் சேர்ந்தாலும் லோடர் 830-இல் நின்றுவிடும். ஆட்களை வைத்து வேலை வாங்குபவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது; ஆபத்தை மதிப்பிட்டுத் தடுப்பது முதலாளியின் கடமை. உரக்காரரிடம் அரை டன் பையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிரேன் லோரியில் அனுப்பச் சொல்லி, பையை உறுதியான இரும்பு மேடையில் இறக்கி வையுங்கள்; அடிவாயைத் திறந்து வேண்டிய அளவைப் பக்கெட்டில் பிடித்துக்கொள்ளலாம்.