பிளாஸ்டிக் கவரா, வாட்ஸ்அப்பா, ஆபா எண்ணா?

வண்டிப்பெரியாறு, குமுளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வீட்டுக்கு வீடு ஒரு பிளாஸ்டிக் கவர் ஆணியில் தொங்கும். ஓ.பி. சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அதில்தான். எங்களுக்கு வைத்தியம் கேரளா, தமிழ்நாடு என்று இரண்டு மாநிலத்தில் நடக்கிறது. ஒரு தடவை கோட்டயம் மெடிக்கல் காலேஜ், அடுத்த தடவை மலையிறங்கி, கம்பம், தேனி தாண்டிக் கானாவிலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜ். குறிப்புகளை நாமேதான் சுமக்க வேண்டும். எதில் வைத்துச் சுமப்பது? கவரிலா, வாட்ஸ்அப்பிலா, மத்திய அரசின் ஆபா (ABHA) என்ற மருத்துவக் கணக்கு எண்ணிலா?

கவரில் ஒரு நிம்மதி உண்டு: நாம் எடுத்துக் கொடுத்தால்தான் ஒருவர் பார்க்க முடியும். ஆனால் மழைக்காலம் தாங்காது. என் அத்தையின் பழைய சம்மரியில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து போய்விட்டது. தொலைந்தாலும் வழி இருக்கிறது. 2002 மருத்துவ கவுன்சில் விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்த 3 வருடம் முடிவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் சுலபம். எனக்குப் பயமும் அதில்தான். அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. இங்கிலீஷ் சம்மரியைப் படித்துச் சொல்லச் சொல்லி, படம் எடுத்து ஒரு சொந்தக்காரப் பையனுக்கு அனுப்பினோம். அவன் நல்ல எண்ணத்தில் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டான். இரண்டே நாளில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் ஒருவர் விசாரிக்க, அத்தை சாக்கை இறக்கி வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்.

சட்டம் இதற்கு உதவாது. 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. ஆனால் தனி மனிதர் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவு அதற்குள் வராது. காகிதமாகவே இருக்கும் குறிப்பும் வராது. எச்.ஐ.வி. மட்டும் வேறு: நம்பிச் சொன்ன அந்த விவரத்தைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது.

அப்புறம் ஆபா. நம் மருத்துவக் குறிப்புகளை இணைக்கும் 14 இலக்க எண். எந்த மாநிலத்துக்கும் ஒன்றேதான். குறிப்புகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டுமானால், எந்தக் குறிப்பு, எத்தனை நாளுக்கு என்று நம்மிடம் சம்மதம் கேட்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்று: நிறுவனங்கள் தரவைக் காக்க வேண்டும் என்ற அந்த 2023 சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியப் பொறுப்புகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

இதில் ஓட்டை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. லயத்தில் பாதிப் பேருக்குப் போன் என்றால் மகன் நம்பரோ மருமகன் நம்பரோதான். ஆபாவுக்கான ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறதோ, சம்மதம் அவர் கையில். 18 வயது நிரம்பிய பெண்ணின் குறிப்பு அப்பா போனில் திறக்கிறது என்றால் அதை அவளுடைய சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது.

சொந்த நம்பர் இருந்தால் ஆபா எடுங்கள், சம்மதத்தைக் குறைந்த நாளுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் இப்போதைக்குக் கவரே மேல். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். தெரிந்தவரை வீட்டுக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அத்தைக்குக் குமுளியில் தனி சிம் வாங்கிக் கொடுத்தோம். ஓ.டி.பி. வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரேதான் வாசிக்கிறார்.