படிகாரமா, எண்ணெய்க் குழம்பா: தடுப்பூசி ஊக்கிகள் எழுப்பும் இருவகை அழற்சி

சுத்திகரித்த புரதத்தை மட்டும் ஊசியில் செலுத்தினால், ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணுக்களான பி செல்கள் பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை. ஊசி போட்ட இடத்தில் சிறிது அழற்சி எழுந்து, வெள்ளையணுக்கள் வந்து, அந்தப் புரதத்தை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசேர்த்தால்தான் ஆன்டிபாடி உருவாக்கம் சூடுபிடிக்கும். அதற்காகத் தடுப்பூசியில் சேர்க்கப்படும் ஊக்கிகளில் அலுமினிய உப்புகளும், எம்.எஃப்.59 என்னும் ஸ்குவாலீன் எண்ணெய்க் குழம்பும் நேர்ப் போட்டியாளர்கள்.

அலுமினியம் மூத்தது. 1926-இல் அலெக்சாண்டர் கிளென்னி தொண்டை அடைப்பான் நச்சுப்புரதத்தை அலுமினிய உப்பான படிகாரத்தோடு வீழ்படிவாக்கியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. மருந்து ஊசி போட்ட இடத்திலேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதே அதன் வலிமை என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ஊசி போட்ட 2 மணி நேரத்தில் எலிகளின் அந்த இடத்துத் திசுவையே அகற்றிப் பார்த்தபோதும் ஆன்டிபாடி குறையவில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியதும் அந்த விளக்கம் ஆட்டங்கண்டது. உப்புத்துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் வெள்ளையணுக்கள், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியிடுகின்றன. ஆன்டிபாடிக்கு அது இன்றியமையாததா என்பதில் எலி ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பி செல்களுக்குத் துணைநிற்கும் உதவி டி செல்கள், இன்டர்லூக்கின்-4 என்னும் இன்னொரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் வகைக்குச் சாய்வதால், ஆன்டிபாடி தாராளமாகக் கிடைக்கும், தொற்றுற்ற செல்களைக் கொல்லும் டி செல்கள் குறைவாகவே எழும். நச்சை முடக்கினால் போதும் என்கிற இடத்தில் இது ஒரு குறையே அல்ல.

1997-இல் இத்தாலியில் ஃப்ளூ தடுப்பூசியோடு அனுமதி பெற்ற எம்.எஃப்.59-இன் துளிகள் சுமார் 160 நானோமீட்டர் அளவுள்ளவை. அவை தசையில் இறங்கிய சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள், மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வந்து, புரதத்தை நிணநீர் முடிச்சுக்குச் சுமந்து செல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், எலிகளில் நியூட்ரோபில்களை முன்பே நீக்கிவிட்டாலும் ஆன்டிபாடி குறையவில்லை. ஆகவே முதலில் வந்து குவியும் வெள்ளையணுக்களை வைத்து ஊக்கியின் திறனை எடைபோட முடியாது. நிணநீர் முடிச்சில் பி செல்கள் பெருகும் இடங்களான முளைமையங்களில் அவை தம் மரபணுவைத் திருத்தித் திருத்திக் கூர்மையடைவதை இக்குழம்பு கூடுதலாகத் தூண்டுகிறது. ஃப்ளூ வைரஸின் பல பகுதிகளைப் பற்றும் ஆன்டிபாடிகள் கிடைப்பது அதனால்தான் என்று கருத இடமுண்டு.

முதியோரிடம் ஏற்கெனவே ஓயாமல் புகையும் மெல்லிய அழற்சி தடுப்பூசியின் பலனைக் குறைப்பதால், அவர்களுக்கான ஃப்ளூ ஊசியில் நான் எண்ணெய்க் குழம்பையே தேர்வேன், ஊசி இடத்து வலி சற்றுக் கூடினாலும். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அலுமினியத்தைக் கைவிட எந்தக் காரணமும் தெரியவில்லை.